தந்தையின் அடையாள எண்

புங்கோமா பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
நாலு கணினி, ஒரு பிரிண்டர்,
தலையை ஒரு பக்கமே திருப்பும் ஃபேன்.
கல்லூரி திறக்கும் மாதங்களில்
வறுமையை உறையில் போட்டு
என் கடைக்குக் கொண்டுவருவார்கள்.
விண்ணப்பத்துக்கு நூறு ஷில்லிங்.
அழுதாலும் அதே விலை.

கூரை எதனால் ஆனது என்று அரசு கேட்கும்.
தகரம், ஓடு, புல்.
மாடு உண்டா? உண்டு.
பால் வற்றிப்போனதைச் சொல்ல இடமில்லை.
கேட்டுக் கேட்டு
ஐந்து படிகளில் ஒன்றில் நிறுத்திவிடும்.
முதல் படிக்கு அரசே பெரும்பங்கு கட்டும்.
ஐந்தாம் படியில் நின்றால்
நீ வசதியானவன்;
நேற்றுவரை உன் வீட்டுக்கே தெரியாத செய்தி.

நெகேசா ஐந்தாம் படி.
படித்தது பெரிய பள்ளி,
கட்டணம் கட்டியது ஒரு தேவாலயம்.
கணினிக்குப் பள்ளியைத் தெரியும்.
கால்நடை மருத்துவம், நைரோபியில் இடம்.
சேர்க்கைக் கடிதத்தின் பின்புறம்
அவளே கணக்குப் போட்டிருந்தாள்:
முதல் ஆண்டுக்கு அம்மா
எண்ணூறு ஜோடி பழைய செருப்பு விற்க வேண்டும்.
ச்வேலே சந்தையில் வாரத்துக்கு ஒன்பது போகும்,
மழை இல்லாவிட்டால்.

மேல்முறையீடு என்றால்
எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

தந்தை: உயிருடன் இருக்கிறார். இறந்துவிட்டார்.
இரண்டே கட்டம்.
'போய்விட்டார்' என்றாள்.
'எங்கே?'
'மொம்பாசா. துறைமுக வேலை என்றார். ஒன்பது வருஷம்.'

இறந்தார் என்றால் சான்றிதழ் கேட்கும்.
அதற்கும் இந்தத் தெருவில் ஆள் இருக்கிறான்,
நான் சொல்லவில்லை.
உயிருடன் என்றால் அடையாள எண் கேட்கும்.

பையிலிருந்து கரும்பு ஆலை ரசீது ஒன்றை எடுத்தாள்.
கரும்பு போய்ச் சேர்ந்தது, பணம் வரவில்லை,
எண் மட்டும் மிஞ்சியிருக்கிறது.
எட்டு இலக்கம்.
ஏழாவது தேநீர்க் கறைக்குள்,
ஒன்றா, ஏழா?
ஒன்று போட்டேன். அப்படி ஒருவர் இல்லை.
ஏழு போட்டேன்.
திரை வெகுநேரம் சுற்றியது.

இவரைத் தந்தையாகக் குறிப்பிட்டு
ஏற்கெனவே ஒரு மாணவர் விண்ணப்பித்துள்ளார்.
மாவட்டம் மொம்பாசா.
பிறந்த ஆண்டு
நெகேசா பிறந்த அதே ஆண்டு.
பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறிகள்.

வரிசையில் யாரோ இருமினார்கள்.
நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.
திரையையே பார்த்துக்கொண்டிருப்பது
இந்தத் தொழிலின் மரியாதை.
மேசைமேல் அவள் விரல்கள் மட்டும் தெரிந்தன.
பதினெட்டிலிருந்து ஒன்பதைக் கழித்துக்கொண்டிருந்தன.

'அப்படியென்றால் போகவில்லை' என்றாள்,
என்னிடம் இல்லை.
'திரும்பித்தான் போயிருக்கிறார்.'

கால் மணி நேரம் சும்மா இருந்தால்
தளம் நம்மை வெளியே தள்ளிவிடும்.
அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

'முந்தின பக்கத்துக்குப் போங்கள்.
கல்லூரியில் படிக்கும் உடன்பிறப்புகள்,
அதில் பூஜ்யம் போட்டோமே.'
'ஆமாம்.'
'ஒன்று என்று மாற்றுங்கள்.'

மாற்றினேன்.
அந்தக் கட்டத்துக்கு மதிப்பெண் உண்டு.
எனக்குத் தெரியும்,
அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

'அம்மா போனுக்கு இதெல்லாம் போகுமா?'
'விண்ணப்ப எண் மட்டும்தான் போகும்.'

நூறு ஷில்லிங், எல்லாம் சில்லறை.
பிரிண்டர் துப்பிய ஆறு தாள்களில்
ஐந்தை அடுக்கி உறைக்குள் வைத்தாள்.
ஆறாவதை என் பக்கம் தள்ளிவிட்டு
வெயிலில் இறங்கிப் போனாள்.

மறுபக்கம் வெறும் தாள்தான்.
காகிதம் விலை ஏறிப்போச்சு.
இன்னும் அதில் எதையும் அச்சடிக்கவில்லை.