எட்டு மூட்டை, இருபத்து மூன்று கிலோ

கல்லணைக்குப் போவதாகத்தான் இருந்தது.
தலைக்கு நூற்றிருபது ரூபாய், பத்துப் பத்தாக,
வீடு வீடாக ஏறி வாங்கியவர்
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி வேம்பரசி.
மாசியில் அணை அடைத்திருப்பார்களே,
தண்ணீர் இருக்காதே என்றேன்.
கல்லையாவது பாக்கட்டும் டீச்சர்,
தண்ணி நம்ம கடைமடைக்கு வந்தா
அப்ப பாத்துக்கலாம்.

விடிகாலை ஐந்துக்கு
பதினெட்டுப் பேர், தலை நிறைய எண்ணெய்.
ஈயக் குண்டானில் எலுமிச்சைச் சோறு.
ஆறுக்கு வேன்காரர் போன் செய்தார்:
முகூர்த்த நாள், முதலாளி வண்டியை
மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.
ஏழுக்குத் தூறல்.

ஒன்றாம் வகுப்பு யாழிசை அழவில்லை.
புதுச் செருப்பைக் கழற்றித் துடைத்து
பைக்குள் வைத்துக்கொண்டாள்,
போகிற அன்றைக்குப் புதுசாக இருக்கட்டுமென்று.
அதைப் பார்த்தபின்
வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல வரவில்லை.

நடந்தோம்.
முள்ளியாற்றங்கரையோடு, மதகைத் தாண்டி,
நெல் கொள்முதல் நிலையம்வரை.
வேறெங்கே போவது?

படுதா போர்த்திய குவியல்களுக்கு நடுவே
மூன்று நாளாக முறைக்குக் காத்துக்கிடந்த அப்பாக்கள்
எங்களைக் கண்டதும் எழுந்து
அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டார்கள்.
பட்டியல் எழுத்தர் எட்வின்
ஈரம் பார்க்கும் கருவியைக் காட்டினார்.
பதினேழுக்கு மேலே போனா எடுக்க மாட்டோம்.
எங்களுக்கு எவ்வளவு சார் இருக்கும்?
சொட்டச் சொட்ட நின்ற பர்ஹானா கேட்டாள்.
அவர் சிரித்ததை
மூன்று நாளில் இப்போதுதான் பார்க்கிறோம் என்றார்கள்.

மழையில் எடை நின்றுபோய்த்
தராசு சும்மா கிடந்தது.
ஏறிப் பார்க்கலாமா என்று முதலில் கேட்டது யார்?
நானாகவும் இருக்கலாம்.
சுமைக்காரர் காத்தலிங்கம்
ஒவ்வொருவராக அக்குளில் கை கொடுத்து ஏற்றினார்.
பதினான்கு. இருபத்தாறு. பதினாறரை.
கொலுசோடா, கழற்றியா?
ஐந்தாம் வகுப்பு கரித்துண்டால் சுவரில் கூட்டியது:
முந்நூற்று நாற்பத்து மூன்று.
மூட்டைக்கு நாற்பது வீதம்
எட்டு மூட்டை,
இருபத்து மூன்று கிலோ மிச்சம்.

நிதர்சனை விட்டுட்டீங்க
என்றான் கபிலேஷ்.

தையில் தாய் தகப்பனோடு திருப்பூர் போனவன்.
பதிவேட்டில் அந்தப் பெயரை
நான் இன்னும் அடிக்கவில்லை.
வாய்க்காலில் தண்ணீர் ஓடிய மாதமெல்லாம்
பயந்து நின்றவனை முதுகில் ஏற்றி
இக்கரைக்குக் கொண்டுவந்தது கபிலேஷ்தான்.

ஒரு காலிச் சாக்கு வாங்கினான்.
காத்தலிங்கம் மரக்காலால் அள்ளிப் போட்டார்.
வாயைக் கட்டி முதுகில் தூக்கி
கொட்டகையை ஒரு சுற்று வந்தான்.
இல்ல, இவன் இல்ல. இன்னும் போடுங்க.
மறுபடி ஒரு சுற்று.
கொஞ்சம் எடுங்க.
மூன்றாவது சுற்றில் நடுவழியில் நின்றான்.
கண்ணை மூடினான்.
காதுக்குள்ள பேசல. மத்தபடி சரி.

தராசில் வைத்தார்கள்.
பதினேழு.
சுவரில் எழுதிய பிள்ளை
சத்தமில்லாமல் அழித்து எழுதினாள்:
ஒன்பது மூட்டை. மீதி இல்லை.

மிச்சத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று
கணக்குப் போட்டுத்தான் நிறைத்தானோ
என்று ராத்திரி படுத்தபின் நினைத்துக்கொண்டேன்.
ஆனால் நாலாம் வகுப்புக் கபிலேஷுக்கு
எந்த எண்ணை எதால் வகுத்தாலும்
இன்றுவரை மீதி வந்துகொண்டேதான் இருக்கிறது.

குண்டான் திறந்தது. வெந்த சோறு
அப்பாக்கள், சுமைக்காரர்கள், எட்வின் சார்
எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு கை வந்தது.
வேன் பணம் அப்படியே இருக்கிறது,
கல்லணை எங்கே போய்விடப்போகிறது
என்றார் வேம்பரசி, விரலைச் சப்பியபடி.

மழை விட்டதும் எடை தொடங்கியது.
நெல்லுக்குச் சொந்தக்காரர்
இருக்கட்டும், அப்புறம் கொட்டிக்கலாம் என்றார்.
முறை வந்துவிட்டதே.
காத்தலிங்கம் சாக்கை எடுத்துப் போய்
குவியல்மேல் கட்டவிழ்த்துச் சாய்த்தபோது
மெதுவா, மெதுவா என்று
கூடவே ஓடினான் கபிலேஷ்.