கடி பார்த்தல்

பகலில் பல் செய்கிறேன்.
ஆற்காடு ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில்,
யாருடையதென்று தெரியாத வாய்களுக்கு.
இரவில் சத்துவாச்சாரி வீட்டில்
குக்கர் மூடியைக் கவிழ்த்து, ஸ்க்ரூக்களை அதில் போட்டு
முழங்கை நீள ஜீப் ஒன்றின் வயிற்றைத் திறக்கிறேன்.

போன ஞாயிறு, மலையடிவாரப் பாறை.
முன்சக்கரம் விரிசலில் மாட்டியது.
விட்டிருக்கலாம். ரிமோட்டை இன்னும் அழுத்தினேன்.
கடக்.
அப்புறம் கடகடகடவென்று மோட்டார் மட்டும் சுற்ற
பைக்கை நிறுத்தி வேடிக்கை பார்த்த ஒருத்தன் சொன்னான்:
"பல்லு போச்சுண்ணே."
என்னிடம் வந்து சொல்கிறான்.

திறந்தால் கிரீஸுக்குள் வெள்ளைப் பொடி.
பிளாஸ்டிக் சக்கரத்தில் அடுத்தடுத்து மூன்று பற்களைக் காணோம்.
தினமும் பார்க்கிற இடைவெளிதான்,
ஈறு மட்டும் இல்லை.

பார்சலை லேப் முகவரிக்கு வரவழைத்தேன்.
ஷாகிரா கையெழுத்துப் போட்டு வாங்கி
"கனமா இருக்கே, தங்கப் பல்லா?" என்றாள்.
எஃகு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும்,
மோட்டார் முனைக்கும், நடுவில் ஓடும் இரண்டு ஷாஃப்ட்டும்.
முன் அச்சின் பெரிய சக்கரத்தில் வேண்டுமென்றே சில பற்கள் குறைவு;
பின்சக்கரத்தைவிட முன்சக்கரம் ஒரு பொட்டு வேகமாய்ச் சுற்றும்,
வண்டி தன்னைத்தானே
கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொள்ளும்.
நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்.
ஜெசிந்தாவிடம் சொன்னது ஆயிரத்து இருநூறு.

கத்திரி வெயில் சுவரிலிருந்து இறங்காத ராத்திரி.
ஃபேனை அணைத்தாக வேண்டும்,
வாஷர்கள் அவ்வளவு மெல்லிசு.
தாடையிலிருந்து ஒரு சொட்டு வேர்வை
பேரிங் மேல் விழுந்தது. துடைத்தேன். இன்னொன்று.
ஷாஃப்ட்டை நிறுத்திப் பிடிக்கிற துணுக்குக்கு
ஈ-கிளிப் என்று பெயர்.
ஈயேதான்.
டிக் என்று பறந்தது; கட்டிலடியில், மிக்ஸிக்குப் பின்னால்,
செல்போன் வெளிச்சத்தில் தவழ்ந்து தேடியும் இல்லை.

ஸ்க்ரூ மரையில் ஒரு சொட்டு நீலப் பசை.
நீலம் போதும். சிவப்பைப் போட்டால்
பிறகு நாமே நினைத்தாலும் திறக்காது.

கடைசியில் மோட்டார்.
பல்லோடு பல் நெருங்கினால் அலறும், விலகினால் தின்னும்.
நடுவே ஒரு காகிதத் துண்டு வை என்பார்கள்.
என் சட்டைப் பையிலேயே இருந்தது கடித்தாள்,
புதுப் பல் வைத்தவரைக் "கடிங்க, அரைங்க" என்று சொல்லி
எங்கே உயரம் என்று பார்க்கிற நீலத் தாள்.
செருகினேன். சுற்றினேன். மோட்டாரை இறுக்கினேன். உருவினேன்.
தாளின் நெடுக்க ஒரே சீராய் மடிப்பு மடிப்பு.
பதினோரு வருஷத்தில் ஒரு வாயும்
எனக்கு இவ்வளவு ஒழுங்காய்க் கடித்ததில்லை.

விடிந்ததும் அடுப்பு மேடையில், உப்பு ஜாடி மூடிமேல்
ஈ-கிளிப் உட்கார்ந்திருந்தது.
ஜெசிந்தா ஒன்றும் கேட்கவில்லை.
நானும்.

ஞாயிறு, ஐந்தே முக்கால்.
ஏழரைக்கெல்லாம் பாறை சுடும்.
நைட் டியூட்டி முடித்து வெள்ளை ஷூவோடு அவளும் வந்தாள்.
அதே பாறை, அதே விரிசல்.
முன்சக்கரங்கள் பிறாண்டின, பின்னவை முட்டுக்கொடுத்தன,
ஒரு சக்கரம் ஆகாயத்தில் மெதுவாய்ச் சுற்றியபடி
யோசித்தது.
ஏறிவிட்டது.
சத்தமே இல்லை. கீழே பெங்களூர் ரோட்டு லாரிகள் மட்டும்.

எனக்குப் போதாது. மேல் பாறைக்கு விட்டேன்.
டப்.
முன்சக்கரங்கள் ஒன்று கிழக்கே, ஒன்று வடக்கே.
எஃகுக்கு ஒன்றும் ஆகவில்லை.
அது விட்டுக்கொடுக்காததால்
ஸ்டியரிங்கைத் திருப்புகிற பிளாஸ்டிக் கை உடைந்தது.

அவள்தான் ஏறிப் போய் எடுத்தாள்.
கவிழ்த்தாள். கட்டைவிரலால் கிரீஸை ஒதுக்கி
உள்ளே மின்னுவதைப் பார்த்தாள்.
இந்தக் கையில் அந்தக் கையில் மாற்றி எடை பார்த்தாள்.
"ஆயிரத்து இருநூறு."
நான் ரிமோட்டின் ஆன்டெனாவை நேராக்கினேன்,
அது நேராகத்தான் இருந்தது.

பாறையில் கிடந்த உடைந்த துண்டைப் பொறுக்கி
என் உள்ளங்கையில் வைத்தாள்.
"இதுக்கு எவ்வளவுன்னு சொல்லப் போற?"