முப்பத்தைந்து எழுத்து

என்னென்ன தெரியும், கேட்டார் ஹெர் ஏகர்ட்.
பிராங்பர்ட்டில் ஒன்பதாம் மாடி. கீழே பழுப்பாய் மைன் ஆறு.

ஆரக்கிள், ஜாவா, அதற்கும் முன்னால் கோபால் என்றேன்.
யாரடி அந்தக் கோபால் என்று
போனில் அம்மா அதட்டியதைச் சொல்லவில்லை.

நாலு கோடி யூரோவில் ஒரு சென்ட் உதைத்த இரவு,
விடிய விடிய வரி வரியாய்த் தேடி
ஒரு ரவுண்டிங்கில் அதைப் பிடித்தேன்.
கணக்கு நேரானதும்
யாரும் நிமிர்ந்தே பார்க்கவில்லை.
நேராவதுதானே கணக்கு.

தலையசைத்தார். குறித்துக்கொண்டார்.

பணம் அனுப்பும் படிவத்தில்
பெயருக்கு முப்பத்தைந்து எழுத்துதான் இடம்.
மிஞ்சினால் வெட்டு என்ற விதியை
எழுதியவள் நான். சோதித்தவளும்.
ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவசரமாக.

செண்பகலட்சுமி வைகுண்டராமசுப்பிரமணியன்:
ரோமன் எழுத்தில், இடைவெளியும் சேர்த்து,
முப்பத்தொன்பது.

மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடுகிறது,
சென்ட் குறையாமல்,
வைகுண்டராமசுப்பிரம மகளுக்கு.
அந்த ‘ணியன்’
எந்த சர்வரில் கிடக்கிறதோ.

முழுப் பெயர், என்றார் ஏகர்ட்,
காகிதப் படிவம் ஒன்றை இழுத்துக்கொண்டு.
சொல்லச் சொல்ல எழுதினார்.
கட்டங்கள் தீர்ந்து
ஓரத்து வெள்ளையில் ஏறிற்று பேனா.