செதில் விரல் அல்ல

தரமணியில் ஏழாவது மாடியில்
ஏசி காற்றில் காய்ந்த விரல்களுக்காக
இதை எழுதியிருந்தேன்.
முழு சிக்னல், முழு சார்ஜ்,
வழுக்கிக்கொண்டு திறக்கும் படங்கள்.

காசிமேட்டில் விடியற்காலை மூன்றரைக்கு
தேசராணியின் கையில் கொடுத்தேன்.
ஏலத்துக்கு நடுவே வாங்கி
ஐஸ் சொட்டும் கட்டைவிரலால் அழுத்தினாள்.
ஒன்றும் நடக்கவில்லை.
திரும்ப அழுத்தினாள்.
பன்னிரண்டு கூடை சங்கரா
நூற்றிருபத்திரண்டு ஆனது.

"இன்னாபா இது,
தண்ணி பட்டா பைத்தியம் புடிக்குது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக,
டவர் தேடி அலைந்து வந்த செய்திபோல.

அப்புறம் பதினோரு இரவு.
கவிழ்த்த கூடைமேல் லேப்டாப்,
டீசல் வாடை, காலடியில் நெத்திலித் தண்ணீர்.
ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
சார்ஜ் இருபதுக்குக் கீழே இறங்கினால்
படங்கள் போகட்டும்.
தகரக் கூரைக்கடியில் சிக்னல் அறுந்தால்
கணக்கு உள்ளேயே தங்கட்டும்,
ராயபுரம் பாலம் ஏறும்போது
தானாகப் போய்ச் சேரட்டும்.
ஈரம் தெரிந்தால் பொத்தான்கள் பெருக்கட்டும்,
இரண்டாம் தட்டைக் கொஞ்சம் சந்தேகப்படட்டும்.
வெயில் ஏறினால்
கறுப்பும் வெள்ளையும் போதும்.

"என் நீலம் எங்கே?" என்றாள்
திரை வரைந்த ஹம்சினி, போனில்.
இங்கே கடலே கறுப்புதான் என்றேன்.

கடைசியில் உள்ளங்கையளவு கண்ணாடியில்
ஓர் எண், ஒரு பொத்தான்.

தேசராணி ஒன்றும் சொல்லவில்லை.
அழுத்தினாள், இடுப்பில் செருகினாள்,
அடுத்த கூடைக்குக் கூவப் போனாள்.
பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்றுதான் பிடிபடவில்லை.
நாலு பன்னிரண்டுக்கு ஒரு விற்பனை:
கொடுவா, ஒரு கூடை, விலை பூஜ்யம்.
யாரும் தொடவில்லை என்று
அவள் பிள்ளைமேல் சத்தியம் செய்தாள்.
சாதனத்தை வாங்கிச் சாய்த்துப் பார்த்தேன்.
பொத்தானின் நட்டநடுவில்
நகத்தளவு செதில்,
ஈரத்தோடு,
தன் மீனைத் தானே விற்றுவிட்டு
ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வரி சேர்த்தேன்:
மூன்று நொடி அசையாத தொடுகையைத் தள்ளு.
பின்னால் வருகிறவர்களுக்காகப் பக்கத்தில் குறிப்பு:
செதில் விரல் அல்ல.

விடிந்து, திரும்பும் பேருந்தில்
என் போனைத் திறந்தேன்.
கைரேகை பொருந்தவில்லை.
மறுபடியும்.
பொருந்தவில்லை.

விரலைத் திருப்பிப் பார்த்தேன்.
காய்ந்து மினுங்கியது
இன்னொன்று.