கச்சான் குடித்த தாள்

எண்ணூருக்குக் கிழக்கே ஒன்பது கடல்மைல்.
மேல்தளத்துப் பம்ப்
விடிய விடியக் காற்றைக் குடிக்கிறது.

கொண்டல் அடித்தவரை வடிதாள் வெள்ளை.
கண்ணுக்கு ஒன்றுமில்லை.
கரைத்துக் கருவியில் ஓட்டினால்
சோடியம், குளோரைடு, கொஞ்சம் மெக்னீசியம்,
கடல் தன் கையெழுத்தில் எழுதியபடியே.

இரண்டரைக்குக் கச்சான் திரும்பியது.
"கரைக்காற்று. பம்பை நிறுத்திடு,
நமக்கு வேண்டியது சுத்தமான கடல்"
வாக்கிடாக்கியில் பத்மாசனி மேடம், தூக்கக் குரலில்.

சரி மேடம் என்றேன்.
சுவிட்சைத் தொடவில்லை.
நாலு மணிவரை அது குடித்தது
என் எர்ணாவூரை.

காலையில் தாள் எலிச்சாம்பல்.
சல்ஃபேட், அம்மோனியம்,
கப்பல் எண்ணெயின் வனேடியம்.
சோடியம் இருக்கிறது,
குளோரைடு பாதிக்குமேல் காணோம்.
அமிலம் அதைக் கிளப்பிவிட்டு
நைட்ரேட்டைக் குடிவைத்துவிட்டது.
உப்பின் வீட்டில் வேறு யாரோ.

தம்பி பெண்டாட்டி குணவதி
கொடியிலிருந்து எடுத்த சட்டையைத் தடவி
விரலை நாக்கில் வைத்துச் சொல்வாள்:
"உப்பு கரிக்கல அண்ணி, கரிதான் கரிக்குது."
எட்டு வருஷமாகச் சொல்கிறாள்.
படித்தவள் நான், எட்டு வருஷமும் சிரித்தேன்.

பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு: மாசுற்றது, தள்ளுக.
அதை விட்டுவிட்டு
எண்ணை மட்டும் எழுதினேன். ஐம்பத்தேழு.

காற்றே படாத தாள் ஒன்றும்
கூடவே வைத்திருப்போம், வெற்றுத்தாள்.
அதில் இருப்பதை
மற்ற எல்லாவற்றிலிருந்தும் கழிக்க வேண்டும்.

எங்கள் தெருவில்
அதை எந்த வீட்டில் வைப்பது?