உப்புக் கணக்கு

சாயத் தண்ணீரில் உப்பு அளப்பது என் வேலை.
சுத்திகரிப்பு நிலையம், இரவு ஷிப்ட்.
மீட்டரின் மூக்கை முக்கினால்
எண் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும்.
பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
என் சட்டை முதுகில் காய்ந்து கிடக்கும் வெள்ளையை
யாரும் அளந்ததில்லை.
"கடல்ல முங்கிட்டு வந்தியா சென்னியப்பா?"
என்பான் பாய்லர் ஆறுச்சாமி.
திருப்பூருக்குக் கடல் ஏது.

நாலு வருஷம் தமயந்தியைத்தான் சோதித்தார்கள்.
கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று
சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள், இரண்டு தடவை.
தடையில்லாமல் ஓடியதாம்.
உதட்டைக் கடித்தபடி வெளியே வந்தவள்
"உங்க ஊருத் தொழிலுதானுங்களே, சாயம் உடறது" என்றாள்.
எனக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா,
அதுவும் நாலாவது வருஷம்.

ரிப்போர்ட்டில் பூஜ்யம்.
நான் அளந்த எதிலும் பூஜ்யம் வந்ததே இல்லை.
மழைத்தண்ணியில்கூட
துளி உப்பு இருக்கும்.

ஈரோட்டில், பெருந்துறை ரோட்டு ஆஸ்பத்திரியில்
திரைக்குப் பின்னால் நிற்கவைத்து
டாக்டர் விரலால் தேடினார்.
நூல் வாங்க வந்தவர்
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே உருட்டுவாரே,
அப்படி.
இடதில் தேடினார். வலதில் தேடினார்.
மறுபடி இடது.
முறுக்கு நூல் போல ஒன்று தட்டுப்பட வேண்டுமாம்.

அப்புறம் காகிதத்தில் வரைந்தார்.
கீழே இரண்டு விதை,
மேலே வெளியேறும் வழி,
நடுவில் வெறும் தாள்.
"உற்பத்தி நடக்குதுங்க. கொறையே இல்ல.
குழா அடைக்கலீங்க.
குழாயே இல்ல."

அம்மா வயிற்றில் நான் விரல்நீளம் இருந்த காலம்.
உப்பு போய்வரும் வாசல் ஒன்று
உடம்பெங்கும் சரியாகத் திறக்கவில்லை.
நீர் வற்றி, வழவழப்பு கெட்டித்து,
முளைத்த குழாய் கரைந்ததோ,
முளைக்கவே இல்லையோ,
அதை நின்று பார்த்தவர் யாருமில்லை என்றார்.
நெஞ்சிலும் கணையத்திலும் அந்த வாசல் அடைந்தவர்கள்
குழந்தையிலிருந்தே மூச்சுக்கு மல்லுக்கட்டுவார்களாம்.
எனக்குப் பாதி திறந்திருக்கிறது.
மூக்கடைப்பு, மார்கழி இருமல்,
அத்தோடு தப்பித்த பேர்வழி.

"வேர்வை ரொம்பக் கரிக்குமா?"
முப்பத்தி நாலு வருஷத்தில்
கேட்ட முதல் ஆள்.

ஊசியில் எடுக்கலாம் என்றார்.
ஒன்றே ஒன்று கிடைத்தாலும்
முட்டைக்குள் வைத்துவிடலாம் என்றார்.
தமயந்தி கைப்பை ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்,
திறந்தாள்.
"ரெண்டு பேரும் சொந்தமுங்களா?"
"மாமன் மகளுங்," என்றேன்
பெருமையாகக்கூட.
டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

கூட்டம் வேறு, கோயில் வேறு, முறை சரி என்று
அருமைக்காரர் வரை எல்லாரும் பார்த்த கல்யாணம்.
கூட்டம் அப்பன் வழி வருவது.
இந்தப் பிழைக்கு வழி தெரியாது,
அம்மாவின் முந்தானையில் ஒரு பாதி,
மாமனின் துண்டில் ஒரு பாதி என
இரண்டு வீட்டுக்கும் நடந்து வந்திருக்கலாம்.
அவளிடமும் இருந்தால்
பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி.
அதன் வாசல்
என்னளவுகூடத் திறக்காமல் போகலாம்.

ரத்தம் எடுத்தார்கள்.
ஊதா மூடி போட்ட இரண்டு குப்பி,
ஒன்றில் என் பேர், ஒன்றில் அவள் பேர்.
மூன்று வாரம்.

பஸ் பெருந்துறை தாண்டும்போது அம்மா கூப்பிட்டாள்.
"அவளுக்கு என்னன்னாங்க?"
"அவளுக்கு ஒன்னுமில்ல. எனக்குத்தான்."
செங்கப்பள்ளி மேம்பாலம் ஏறும் வரை
போனில் மிக்சி சத்தம் மட்டும்.
பிறகு,
"சோறு உண்டீங்களா?"

பங்குனி வெயில் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு வந்தது.
தமயந்தி தன் முன்கையை
நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தாள்.
பிறகு என் கையை இழுத்து,
முன்சீட்டுக்காரர் திரும்புகிறாரா என்று பார்த்துவிட்டு.
"உங்குளுது சாஸ்திங்."
கொஞ்ச நேரம் கழித்து,
"என்னுது கம்மிதானுங்."

பிழை ஒற்றையாக இருந்தால்
வேர்வையில் தெரியாது என்று
டாக்டர் அவளிடமும்தான் சொல்லியிருந்தார்.
நான் ஞாபகப்படுத்தவில்லை.