முந்நூற்று முப்பது கிராம்

முதலில் சீவீடு என்றுதான் நினைத்தேன்.
திருவட்டாறு தாண்டி ரப்பர் தொடங்குமிடத்தில்
விடியுமுன் அவை கத்துவது வழக்கம்.
பிறகொரு நாள்
மண்டைக்காட்டு ரோட்டில்,
தென்னையும் உப்புக்காற்றும் தவிர வேறில்லாத இடத்தில்,
அதே கீச்சு.
அப்போதுதான் தெரிந்தது
சீவீடு என் காரில் வருகிறது.

பின்சீட்டைக் கழற்றி இரண்டு வருடம் ஆகிறது.
அந்த இடத்தில் மூன்று ஐஸ் பெட்டி.
குளச்சலில் ஏலம் பிடித்த சாளை, அயிலை,
கிடைத்த நாளில் நெத்தோலி.
எண்ணூறு சிசி வண்டிக்கு
இது நாலு ஆள் கனம்,
இறங்கி நடக்காத நாலு ஆள்.

வேர்கிளம்பியில் எட்பின் சக்கரத்தைக் கழற்றினான்.
டார்ச்சை வாயில் கடித்தபடி
உள்ளே பார்த்தவன் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு விரலால் தடவி
விரலை நக்கியே பார்த்துவிட்டான்.
"எக்கா, நீங்க ஓட்டுதது காரா, வள்ளமா?"

உப்பு.
பெட்டியிலிருந்து சொட்டிய தண்ணி
தரைத்தகட்டின் ஓட்டை வழி டிரம்முக்கு.
கரையில் மணலோடு ஏறியது காலிபருக்கு.
இடப்பக்கத்துப் பின் துருவேறி அசையவில்லை.
அதனால் உள்பேட் ஒன்று மட்டும்
வருடமெல்லாம் டிஸ்க்கைக் கட்டிக்கொண்டே ஓடியிருக்கிறது.
தேய்ந்து தேய்ந்து
இரும்பு இரும்பைத் தொட்டபோது கத்தியிருக்கிறது.
நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

"இறக்கத்துல நியூட்ரல்ல விடுவியளா?"
"சேச்சே."
சொன்ன வாயை மூடுமுன்
பேச்சிப்பாறை இறக்கம் முழுதும் கண்ணில் வந்தது,
மிச்சம் பிடித்த பெட்ரோலும்.
எட்பின் மறுபடி கேட்கவில்லை.
டிஸ்க்கில் பூத்திருந்த நீலத்தைத்
துணியால் துடைத்தான். போகவில்லை.

அவன் ஆயிலில் காற்று எடுக்கும் நேரம்
சும்மா இருக்க முடியவில்லை.
காரிலிருந்து மீன் தராசை எடுத்தேன்.
புதுப் பேட் இருநூற்று அறுபது.
பழையது நூற்றைம்பது. இன்னொன்று நூற்று எழுபத்தைந்து.
மற்ற இரண்டும் கொஞ்சம் தேவலை.
கூட்டிக் கழித்தால்
முந்நூற்று முப்பது கிராம்
எங்கேயோ போயிருக்கிறது.

நெத்தோலியென்றால் ஒரு கூறு.
நாலு மீன் கொசுறு கேட்டால்
வாய்ச்சண்டைக்குப் போகிறவள் நான்.
கேட்காமலே கொடுத்திருக்கிறேன்
குளச்சல் முதல் அணை வரை
கறுத்த பொடியாக.

நெற்றியில் லைட் கட்டிய பால்வெட்டுக்காரர்
சைக்கிளைத் திடுமெனத் திருப்பிய அன்று
ஒரு சிட்டிகை.
தக்கலை ஜங்ஷனில் வந்து விழுந்த மாலைப்பந்துக்கும்
அதன் பின்னால் வராமல் நின்றுவிட்ட பையனுக்கும்
கொஞ்சம்.
குலசேகரத்தில் நடுரோட்டில் கைநீட்டி
"சாளை ஃபிரெஷ்ஷா?" என்று மறிக்கும் டீச்சர்
இருபது கிராமாவது வாங்கியிருப்பார்.
அதற்கு இதுவரை காசு தரவில்லை.

பேடும் கூலியும் சேர்த்து
ஆயிரத்து நானூற்றைம்பது.
ஐம்பது குறைக்கச் சொன்னேன்.
குறைக்கவில்லை.
"கொசுறாவது தா."
பழைய நாலு பேடையும் பேப்பரில் பொதிந்து
கையில் தந்தான்.
"முந்நூறு கிலோமீட்டருக்குப் பைய மிதியுங்க சீலியக்கா,
அது இன்னும் பழகல்ல."

மறுநாள் அதிகாலை
அழகியமண்டபத்தில் ஒரு நாய்.
பழைய கணக்கில் மிதித்தேன்.
வண்டி கவ்வி நின்றது.
பெட்டி மூன்றும் முன்னால் வந்து முதுகில் இடித்தன,
ஐஸ்தண்ணி கழுத்து வழி இறங்கியது,
ஒரு சாளை பறந்து வந்து
கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவில் கிடந்தது
வாய் திறந்தபடி.
நாய் சாளையைத்தான் பார்த்தது.

திருவட்டாறு தாண்டி ரப்பர் தொடங்குமிடத்தில்
கீச்சென்று கேட்டது.
நெஞ்சு திக்கென்றது.
எட்பினைத் திட்டியபடி
பைய மிதித்துப் பார்த்தேன்.

கார் நின்றது.
சத்தம் நிற்கவில்லை.